வெள்ளைத் தண்ணீர் செய்யும் வேலை! வினிகரை எங்கே ஊற்றலாம்? எங்கே ஊற்றக்கூடாது?

ஒரு வீட்டின் சமையல் அறைக்குள் எட்டிப் பார்ப்போம்.

காலை நேரம். மாமியார் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் வெந்நீர்க் கெண்டி. அதன் அடியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்து கிடக்கிறது. சுண்ணாம்பு பூசியது போல் இருக்கிறது. மாமியார் தேங்காய் நாரால் தேய்க்கிறார். கரண்டிக் காம்பால் சுரண்டுகிறார். கை வலித்ததுதான் மிச்சம். வெள்ளை போகவில்லை.

மருமகள் வருகிறாள்.

"கொடுங்கள் அத்தை, நான் பார்க்கிறேன்" என்கிறாள்.

அலமாரியில் இருந்து ஒரு புட்டியை எடுக்கிறாள். உள்ளே இருப்பது பார்வைக்குப் பச்சைத் தண்ணீர் போல இருக்கிறது. மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி!

"என்னம்மா இது? ஊறுகாயில் ஊற்றுவதை எடுத்துக் கெண்டியில் ஊற்றுகிறாயே!"

"கொஞ்சம் பொறுங்கள், அத்தை."

கெண்டிக்குள் 'சுர்'ரென்று ஒரு சத்தம். சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்புகின்றன. ஒரு மணி நேரம் கழித்து மருமகள் கெண்டியைக் கழுவிக் கவிழ்க்கிறாள். அடிப்பாகம் புதுப் பாத்திரம் போல் பளபளக்கிறது.

"இது என்ன மாயம்?" என்று கேட்கிறார் மாமியார்.

"மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. குத்துவிளக்கை நீங்கள் எதைப் போட்டுத் தேய்க்கிறீர்கள்?"

"புளியைப் போட்டு."

"புளி செய்கிற அதே வேலைதான் இதுவும்!"

மருமகள் சொன்னது முழுக்க முழுக்க உண்மை.

வினிகர் என்பது என்ன?

வினிகருக்குத் தமிழில் 'காடி' என்று பெயர் உண்டு. இலங்கைத் தமிழர்கள் 'வினாகிரி' என்பார்கள். அது போர்ச்சுகீசியர் விட்டுச் சென்ற சொல். 'வினிகர்' என்ற சொல்லோ பிரெஞ்சு மொழியில் இருந்து வந்தது. 'புளித்த திராட்சை மது' என்பது அதன் பொருள்.

பெயரிலேயே செய்முறை இருக்கிறது. கள்ளையோ, திராட்சை மதுவையோ திறந்து வைத்தால் சில நாட்களில் புளித்துப் போகிறது. காற்றில் உள்ள ஒரு வகை நுண்ணுயிர் அதில் விழுந்து பெருகுகிறது. அது மதுவில் உள்ள சாராயத்தைப் புளிப்பாக மாற்றிவிடுகிறது. அந்தப் புளிப்புக்கு 'அசிட்டிக் அமிலம்' என்று பெயர்.

இது நுண்ணுயிர் செய்கிற வேலை என்பதை ஆராய்ந்து விளக்கியவர் பிரெஞ்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர். 1868-ம் ஆண்டில் அவர் வினிகரைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே வெளியிட்டார். வெறிநாய்க் கடிக்கு ஊசி மருந்து கண்டவரும் இவர்தான்!

கோவாவிலும், கேரளத்திலும், இலங்கையிலும் தென்னங்கள்ளில் இருந்து வினிகர் செய்கிறார்கள். ஆனால் நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினிகர் பெரும்பாலும் அப்படிப்பட்டது அல்ல. தொழிற்சாலையில் செய்த அசிட்டிக் அமிலத்தில் தண்ணீர் கலந்து புட்டியில் அடைத்தது. அதன் மேல் 'சிந்தடிக்' என்று அச்சிட்டிருக்கும். 'செயற்கை' என்று அர்த்தம். சுத்தம் செய்யும் வேலைக்கு இதுவே போதும்.

ஒரு புட்டி வினிகரில் பெரும்பகுதி தண்ணீர்தான். நூற்றில் நான்கு அல்லது ஐந்து பங்குதான் அமிலம். 100 மில்லியில் 3.75 கிராமுக்குக் குறையக்கூடாது என்பது நம் நாட்டு உணவு விதி. இந்தக் கொஞ்சம் புளிப்புதான் அத்தனை வேலையையும் செய்கிறது!

பாட்டி அறிந்த இரகசியம்

வீட்டில் சேரும் அழுக்கு எல்லாம் ஒரே சாதி அல்ல. அதில் இரண்டு வகை முக்கியமானது.

ஒன்று, எண்ணெய்ப் பிசுக்கு. வாணலி, அடுப்பு மேடை, சமையல் அறைச் சுவர் ஆகியவற்றில் சேருவது இது.

இன்னொன்று, உப்புக் கறை. உப்புத் தண்ணீர் காய்ந்த இடத்தில் படியும் வெள்ளை, செம்பில் பிடிக்கும் பச்சைக் களிம்பு, இரும்பில் ஏறும் துரு எல்லாம் இந்த வகையில் சேரும்.

எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவது காரம். மிளகாய்க் காரம் அல்ல. சாம்பல், சோடா, சவர்க்காரம் இவற்றில் உள்ள காரம். உப்புக் கறையைப் போக்குவது புளிப்பு. புளி, எலுமிச்சை, வினிகர் இவற்றில் உள்ள அமிலம்.

நம் பாட்டிமார்கள் இரசாயனம் படித்தவர்கள் அல்ல. ஆனாலும் எண்ணெய்ச் சட்டிக்குச் சாம்பலையும், பித்தளைக் குடத்துக்குப் புளியையும் எடுத்தார்கள். ஒருநாளும் மாற்றி எடுத்ததில்லை. எவ்வளவு பெரிய அறிவு!

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். வினிகரை எங்கே ஊற்றுவது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எண்ணெய்ப் பிசுக்கில் வினிகரை ஊற்றிவிட்டு, "ஒன்றும் ஆகவில்லையே!" என்று வருத்தப்பட வேண்டியதும் இல்லை.

இனி வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெந்நீர்க் கெண்டி

ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். கொதிக்க வைக்கும்போது அந்தச் சத்து பிரிந்து பாத்திரத்தின் அடியில் படிகிறது. நாளடைவில் ஓடு போல் கெட்டியாகிவிடுகிறது. ஓடு தடிக்கத் தடிக்கத் தண்ணீர் சூடாக நேரம் ஆகும். எரிவாயுவும் மின்சாரமும் வீணாகும். ஆகையால் இது அழகு சம்பந்தப்பட்ட காரியம் மட்டும் அல்ல. காசு சம்பந்தப்பட்ட காரியமும் கூட.

வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து கொள்ளுங்கள். வெள்ளை படிந்த இடம் மூழ்கும் வரை ஊற்றுங்கள். கொதி வந்ததும் அடுப்பை நிறுத்துங்கள். ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு தேய்த்துக் கழுவுங்கள். மறுபடி வெறும் தண்ணீரை இரண்டு தடவை கொதிக்க வைத்துக் கொட்டிவிடுங்கள். நெடி போய்விடும்.

மின்சாரக் கெண்டியானால், கழுவுவதற்கு முன் மின்சார இணைப்பை எடுத்துவிட வேண்டும். அதன் அடிப்பாகத்தைத் தண்ணீரில் அமுக்கக்கூடாது.

குழாயும் பூவாளியும்

குளியல் அறைப் பூவாளியில் பாதித் துளைகள் அடைத்துக் கொண்டனவா? ஊசியால் குத்த வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகரை ஊற்றுங்கள். பூவாளி அதில் முங்கும்படி பையைக் கழுத்தில் கட்டிவிடுங்கள். அரை மணி நேரம் கழித்து அவிழ்த்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள்.

குழாயின் வாயில் வெள்ளை படிந்திருந்தால், வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி வையுங்கள். ஆனால் இரவு முழுவதும் விட்டுவிடக்கூடாது. குழாயின் மேல் உள்ள பளபளப்பான பூச்சு மங்கிவிடும்.

ஜன்னல் கண்ணாடி

ஒரு லிட்டர் தண்ணீரில் கால் டம்ளர் வினிகர் கலந்தால் போதும். துணியால் தடவி, ஈரம் காய்வதற்குள் செய்தித்தாளைக் கசக்கித் துடையுங்கள். நார் ஒட்டாமல், கோடு விழாமல் கண்ணாடி பளிச்சென்று இருக்கும். (படித்து முடித்த தாளைக் கசக்குங்கள். இந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்!)

டெலிவிஷன் திரையிலும், கைபேசித் திரையிலும் இதைத் தடவ வேண்டாம். அவற்றின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. அது கெட்டுவிடும். மூக்குக் கண்ணாடிக்கும் இதே விதிதான்.

பித்தளையும் செம்பும்

வினிகரில் ஒரு கரண்டி உப்பைக் கரையுங்கள். கொஞ்சம் மாவு சேர்த்துக் குழைத்துப் பூசுங்கள். கால் மணி நேரம் கழித்துத் தேய்த்துக் கழுவுங்கள். களிம்பும் கறுப்பும் ஓடிவிடும். புளி இருந்தால் புளியே போதும். இதற்காக வினிகர் வாங்க வேண்டியதில்லை.

ஒன்று முக்கியம். நன்றாகக் கழுவி, உடனே துணியால் துடைத்துவிட வேண்டும். புளிப்பும் ஈரமும் ஒட்டிக் கொண்டிருந்தால் பாத்திரம் முன்னிலும் வேகமாகக் கறுக்கும். முலாம் பூசிய பாத்திரங்களைத் தொடவே வேண்டாம்.

மீன் வாடை

மீன் அலசிய கையிலும் சட்டியிலும் வாடை நிற்கிறதா? அந்த வாடைக்குக் காரணம் காரத் தன்மை உள்ள ஒரு பொருள். புளிப்புப் பட்டால் அது அடங்கிவிடும். நம்மவர்கள் மீனைப் புளித்தண்ணீரில் அலசுவதன் சூட்சுமம் இதுதான். புளிக்குப் பதிலாக வினிகர் கலந்த தண்ணீரிலும் கையைக் கழுவலாம். ஆனால் கையில் வெட்டுக்காயம் இருந்தால் எரியும். ஜாக்கிரதை!

குழந்தைகளின் சாப்பாட்டு டப்பாவில் ஊசல் வாடை இருந்தாலும், குளிர்சாதனப் பெட்டியில் பழைய குழம்பு வாடை இருந்தாலும் இதே வைத்தியம்தான். வினிகர் கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, மூடாமல் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். வினிகரின் நெடி தானாகப் பறந்துவிடும்.

துணி துவைக்கையில்

உப்புத் தண்ணீரில் துவைத்த துணி விறைப்பாக இருக்கும். சவர்க்காரம் முழுவதும் போகாமல் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நிற்கும். கடைசியாக அலசும் வாளித் தண்ணீரில் கால் டம்ளர் வினிகர் ஊற்றி அலசினால் அந்தத் திட்டுகள் போகும்.

சவர்க்காரத்தோடு சேர்த்து ஊற்றிவிடாதீர்கள். ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்துவிடும்.

வினிகரில் ஊற வைத்தால் சாயம் போகாது என்று சிலர் சொல்வார்கள். பருத்திச் சேலைக்கு அதை நம்ப வேண்டாம். சரியாக ஏறாத சாயத்தை வினிகர் பிடித்து வைக்காது. புதுச் சேலையைத் தனியாக அலசுவதே நல்லது.

துவைக்கும் இயந்திரத்தில் ஓயாமல் வினிகர் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கெடக்கூடும். எப்போதாவது ஊற்றினால் போதும்.

எறும்புச் சாரி

எறும்புகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போவது ஏன்? முன்னே போன எறும்பு வழியில் ஒரு வாசனையை விட்டுச் செல்கிறது. பின்னே வருவது அதை மோப்பம் பிடித்து நடக்கிறது. அந்தச் சாரியை வினிகர்த் தண்ணீரால் துடைத்தால் வழி மறைந்து போகும். எறும்பு சாகாது. வழி தவறிப் போகும், அவ்வளவுதான். சர்க்கரை டப்பாவை மூடாமல் வைத்தால் வேறு வழி கண்டுபிடித்து வந்துவிடும்!

மலையைப் பிளந்த வினிகர்!

வினிகரைப் பற்றி விசித்திரமான பழங்கதைகள் இரண்டு உண்டு.

கி.மு. 218-ல் ஹானிபால் என்ற மாவீரன் யானைப் படையோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டினான். ஒரு பாறை வழியை மறித்தது. பாறையின் மேல் மரங்களை அடுக்கித் தீ மூட்டினார்கள். பாறை பழுக்கக் காய்ந்ததும் அதன் மேல் வினிகரைக் கொட்டினார்கள். பாறை பொடிந்து வழிவிட்டது. இப்படி எழுதி வைத்திருக்கிறார் ரோமாபுரிச் சரித்திர ஆசிரியர் லிவி.

எகிப்து ராணி கிளியோபாட்ரா, ஒரே விருந்தில் ஒரு கோடி நாணயம் செலவழித்துக் காட்டுவதாக ஆன்டனியிடம் பந்தயம் கட்டினாள். காதில் இருந்த முத்தைக் கழற்றி வினிகரில் போட்டுக் கரைத்துக் குடித்துவிட்டாள். இது பிளினி என்ற ரோமாபுரி அறிஞர் எழுதி வைத்தது.

நடந்ததோ, கதையோ, யாருக்குத் தெரியும்? ஆனால் இரண்டு கதைகளிலும் ஓர் உண்மை இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லும், முத்தும், கெண்டியில் படியும் வெள்ளையும் ஒரே பொருளால் ஆனவை! அதற்குக் 'கால்சியம் கார்பனேட்' என்று பெயர். புளிப்புப் பட்டால் அது கரையும்.

குழந்தைகளுக்கு இதை நேரில் காட்டலாம். ஒரு டம்ளர் வினிகரில் பச்சை முட்டை ஒன்றைப் போடுங்கள். ஓட்டின் மேல் குமிழிகள் கிளம்பும். இரண்டு நாட்களில் ஓடு முழுவதும் கரைந்து போகும். மெல்லிய தோலுக்குள் மஞ்சள் கரு நிழலாடும். குழந்தைகள் வியந்து போவார்கள்! (அந்த முட்டையைச் சாப்பிட வேண்டாம்.)

எங்கே ஊற்றக்கூடாது?

முட்டை ஓட்டுக்கு நேர்ந்தது உங்கள் வீட்டுத் தரைக்கும் நேரலாம். அதனால்தான் இந்தக் கதையைச் சொன்னோம்.

பளிங்குத் தரையில் வினிகர் படக்கூடாது. பளிங்கும் சுண்ணாம்பு இனம்தான். நம் சமையல் மேடைகளில் பதிக்கும் கடப்பைக் கல்லும் சுண்ணாம்புக் கல்லே. எலுமிச்சம் பழம் நறுக்கிய இடத்தில் கடப்பைக் கல் பொட்டுப் பொட்டாக வெளுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழுக்கு அல்ல. கல்லே கொஞ்சம் கரைந்து போன அடையாளம்! எத்தனை தேய்த்தாலும் போகாது.

மொசைக் தரையில் பளிங்குச் சில்லுகள் உண்டு. சிமென்டுத் தரையிலும் சுண்ணாம்பு உண்டு. இரண்டிலும் வினிகரை ஊற்ற வேண்டாம். பீங்கான் ஓடு பதித்த தரைக்கு வினிகரால் கெடுதி இல்லை. ஆனால் ஓடுகளுக்கு நடுவே பூசியிருக்கும் சிமென்டு அரித்துப் போகும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணுக்குப் படாத மூலையில் ஒரு சொட்டு விடுங்கள். குமிழி வந்தாலோ, துடைத்த பின் மங்கலாகத் தெரிந்தாலோ அங்கே வினிகர் வேண்டாம்.

முத்து, பவளம் பதித்த நகைகளை வினிகரில் போடக்கூடாது. காரணம் கிளியோபாட்ராவைக் கேளுங்கள்!

பழகிய தோசைக்கல்லிலும், இரும்பு வாணலியிலும் ஊற்ற வேண்டாம். நாள்பட எண்ணெய் ஏறிப் பழகிய பதம் போய்விடும். அதன் பிறகு தோசை ஒட்டும்.

ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் வினிகரையோ, வினிகர் ஊற்றிய ஊறுகாயையோ வைக்கக்கூடாது. செம்பு அதில் இறங்கிவிடும். சாப்பிட்டால் வாந்தியும் வயிற்று வலியும் வரும். பீங்கான் ஜாடியும் கண்ணாடிப் புட்டியுமே இதற்கு ஏற்றவை.

வினிகரும் சோடாவும்

சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்தால் 'புஸ்'ஸென்று நுரை பொங்கும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் நுரை அடங்கிய பின் மிஞ்சுவது என்ன? சோடாவின் காரமும் போய்விடுகிறது. வினிகரின் புளிப்பும் போய்விடுகிறது. வெறும் உப்புத் தண்ணீர்தான் மிச்சம்!

சாக்கடைக் குழாயில் அந்த நுரை கொஞ்சம் அழுக்கைக் கிளப்பிவிடலாம். மற்ற வேலைகளுக்கு இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். பிசுக்குக்குச் சோடா, வெள்ளைக்கு வினிகர்.

இன்னொரு விஷயம். வினிகர் ஊற்றினால் கிருமி எல்லாம் செத்துவிடும் என்று எண்ண வேண்டாம். வீட்டில் வாந்தி பேதி கண்டிருந்தால், நோயாளி புழங்கிய கழிவறைக்கு வினிகர் போதாது. அதற்குப் பிளீச்சிங் பவுடர்தான் வேண்டும்.

ஆனால் அங்கேதான் ஆபத்தும் காத்திருக்கிறது.

இரண்டையும் கலக்காதீர்கள்!

மறுபடி அந்த வீட்டுக்குப் போவோம்.

கெண்டி பளபளத்ததில் மருமகளுக்கு உற்சாகம். குளியல் அறையையும் ஒரு கை பார்க்கலாம் என்று கிளம்புகிறாள். தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறாள். ஈரத்தில் அது ஊறுகிறது. 'இதோடு வினிகரும் சேர்ந்தால் இன்னும் வெளுக்குமே!' என்று நினைக்கிறாள். ஊற்றுகிறாள்.

சில விநாடிகள்தான். மூக்கில் சுரீர் என்று ஏறுகிறது. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. தொண்டை அடைக்கிறது. இருமல் நிற்கவில்லை. கதவு சாத்தியிருக்கிறது. மேலே சின்ன ஜன்னல் ஒன்றுதான்.

இருமல் சத்தம் கேட்டு மாமியார் ஓடி வருகிறார். மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு, கையை நீட்டி மருமகளை இழுத்து வாசலுக்குக் கொண்டு வருகிறார். தூண் ஓரத்தில் சாய்த்து உட்கார வைக்கிறார். நல்ல காலம்! கால் மணி நேரம் கழிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இப்படி ஒரு காலை எந்த வீட்டிலும் நேரலாம்.

பிளீச்சிங் பவுடரில் குளோரின் அடங்கிக் கிடக்கிறது. புளிப்புப் பட்டதும் அது வாயுவாக வெளியே கிளம்புகிறது. குளோரின் சாதாரண வாயு அல்ல. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22-ந் தேதி, பெல்ஜியம் நாட்டில் ஈப்பர் என்ற நகரத்துக்கு அருகே ஜெர்மன் படை எதிரிகள் மீது ஏவிய விஷப்புகை இதுதான். போர்க்களத்தில் ஏவிய வாயுவை நம் கையாலேயே குளியல் அறையில் கிளப்பலாமா?

குளோரின் காற்றைவிடக் கனமானது. தரையோடு தங்கும். குனிந்து தேய்க்கிறவரையும், தவழும் குழந்தையையும் முதலில் தாக்கும்.

கழிவறை கழுவும் ஆசிட் வினிகரைவிடப் பல மடங்கு கடுமையானது. அதைப் பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் வாயு இன்னும் வேகமாகக் கிளம்பும். எனவே ஒரு நாளும் இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஊற்றாதீர்கள். ஒன்றைப் போட்டால், தண்ணீர் விட்டு முழுவதும் கழுவித் தள்ளிய பிறகுதான் மற்றொன்று. இன்னொரு நாளைக்குத் தள்ளிப் போடுவது அதைவிட நல்லது.

உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளுக்கும் இதைச் சொல்லுங்கள். பல வீடுகளில் கழிவறை கழுவுகிறவர் அவர்தான். மூச்சு முட்டினால் முட்டுவதும் அவருக்குத்தான்.

தவறிக் கலந்துவிட்டால் என்ன செய்வது?

உடனே வெளியே வந்துவிடுங்கள். வாளியை அகற்ற வேண்டும், தரையைக் கழுவ வேண்டும் என்று உள்ளே நிற்காதீர்கள்.

கதவையும் ஜன்னலையும் திறந்துவிடுங்கள். நல்ல காற்றில் உட்காருங்கள்.

கண் எரிந்தால் கால் மணி நேரம் சுத்தமான தண்ணீரை விட்டுக் கழுவுங்கள்.

மூச்சு வாங்கினால், இருமல் நிற்காவிட்டால், 108-க்குப் போன் செய்யுங்கள். முதலில் ஒன்றும் இல்லாதது போல் இருந்து, சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் வருவதும் உண்டு. ஆகையால் டாக்டரிடம் காட்டிவிடுவதே நல்லது.

புட்டியைப் படியுங்கள்!

கடைசியாக ஒன்று.

வினிகரைக் குடிதண்ணீர்ப் புட்டியிலோ, கலர்ப் புட்டியிலோ ஊற்றி வைக்காதீர்கள். அதுவும் வெள்ளை, தண்ணீரும் வெள்ளை. கழிவறை ஆசிட்டை அப்படி வைப்பது அதைவிடக் கொடுமை. தாகத்தோடு ஓடி வரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியுமா? வாங்கி வந்த புட்டியிலேயே இருக்கட்டும். குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். தவறி ஆசிட்டைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. போகும்போது சுட்ட தொண்டையை வரும்போதும் சுடும். வாயைக் கொப்பளிக்க வைத்து, புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க நேரம் ஆனாலும் பரவாயில்லை. அமிலம் எத்தனை பங்கு என்று அதில் போட்டிருக்கும். எதோடு சேர்க்கக்கூடாது என்பதை ஆசிட் புட்டியிலும், பிளீச்சிங் புட்டியிலும் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். படிப்பு பரீட்சைக்கு மட்டும் அல்ல, இதற்கும்தான்.

அந்த வீட்டில் இப்போது என்ன நடக்கிறது?

மருமகள் ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதுகிறாள். "இதோடு எதையும் கலக்காதே!" குளியல் அறை அலமாரியில் அதை ஒட்டுகிறாள். மாமியார் எழுத்துக் கூட்டி ஒரு தடவை படிக்கிறார்.

"புளி ஒரு பக்கம், சாம்பல் ஒரு பக்கம் என்று எங்கள் அம்மா தனித்தனி மாடத்தில் வைத்திருந்தாள். ஏன் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் ஒருநாளும் சேர்த்து வைத்ததில்லை" என்கிறார்.

பிறகு பளபளக்கும் கெண்டியை அடுப்பில் வைத்து, மருமகளுக்குக் காப்பி போட வெந்நீர் காய்ச்சுகிறார்.